வௌவாலுக்கு அரைப் பக்கம், விரலுக்கு ஒரு வரி இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

'பிளாக் சாபத்' என்ற ஆங்கிலேய ராக் குழுவின் பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் மறைவையொட்டி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு முழுப் பக்கக் கட்டுரை வந்திருந்தது. தமிழ்ப் பத்திரிகையில் ஹெவி மெட்டல் என்ற கனத்த ராக் இசைக்கு ஒரு பக்கம் கிடைப்பது அபூர்வம். சினிமா விளம்பரத்துக்குப் போயிருக்க வேண்டிய இடத்தை இதற்குக் கொடுத்தீர்களே, அதற்கு முதலில் நன்றி. ஆனால் படித்து முடித்த பிறகு சும்மா இருக்க முடியவில்லை. பாதிப் பக்கத்தை அவர் மேடையில் கடித்த வௌவால் தலை எடுத்துக்கொண்டது. இன்னொரு கால் பக்கம் போதை, டி.வி. நிகழ்ச்சி, குடும்பச் சண்டை. 'பிளாக் சாபத்' குழு தன் பெயரிலேயே வெளியிட்ட முதல் ஆல்பத்துக்குக் கிடைத்தது ஏழெட்டு வரி. அதற்கும் 'சாத்தானின் இசைத்தட்டு' என்று உபதலைப்பு. குழுவின் கிட்டார்காரர் டோனி அயோமியின் பெயர் ஒரே தடவை வருகிறது. அவருடைய வலது கையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

வௌவால் சமாச்சாரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். அது நடந்தது 1982 ஜனவரியில், அமெரிக்காவின் டெ மாயின் நகரத்தில். ஓஸியைக் குழுவிலிருந்து 1979-லேயே வெளியே அனுப்பிவிட்டார்கள். ஆல்பம் வந்தது 1970 பிப்ரவரி 13. ஆல்பம் வந்து பன்னிரண்டு வருஷம் கழித்து, தனியாகப் போன ஒருத்தர் மேடையில் அடித்த கூத்தை வைத்து, நாலு பேர் சேர்ந்து போட்ட ஆல்பத்துக்கு விளக்கம் சொல்வது எந்த ஊர் நியாயம்?

நான் அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டூல் ரூமில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். தகட்டை அழுத்தி வடிவம் கொடுக்கும் பிரஸ் மிஷினுக்கு டை என்கிற அச்சு செய்வது, அந்த அச்சுக்குள் இறங்கும் பஞ்ச் தேய்ந்தால் தீட்டிக் கொடுப்பது, டையை மிஷினில் ஏற்றி முதல் பீஸ் அடித்துப் பார்ப்பது, இதுதான் பிழைப்பு. ஓய்ந்த நேரத்தில் மெல்லிசைக் குழுக்களில் ரிதம் கிட்டார். கோயில் திருவிழா, கல்யாண வரவேற்பு எல்லாம் வாசித்திருக்கிறேன். பர்மா பஜாரில் வாங்கிய கேசட்டாகத்தான் இந்த ஆல்பம் என் கைக்கு வந்தது. அட்டையில் கறுப்பு அங்கியோடு நிற்கும் பெண்ணைப் பார்த்துவிட்டு, இதை சாமி அலமாரிப் பக்கம் மட்டும் கொண்டு வராதே என்றார் அம்மா. பிரஸ்ஸும் தெரியும், கிட்டாரும் ஓரளவு தெரியும் என்கிற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அயோமிக்கு அப்போது வயது 17. இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் ஒரு ஷீட் மெட்டல் தொழிற்சாலையில் வெல்டர். ஜெர்மனிக்குப் போய் வாசிக்கப் போகிற ஒரு குழுவில் இடம் கிடைத்துவிட்டது. வேலையை விட்டாயிற்று, அன்று கடைசி நாள். மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தவர் திரும்பிப் போக வேண்டாம் என்றுதான் இருந்தாராம். ஒத்துக்கொண்ட வேலையை ஒழுங்காக முடித்துவிட்டு வா என்று அம்மா அனுப்பிவைத்தார். தகட்டை மிஷினில் கொடுத்து வளைக்க வேண்டிய ஆள் அன்று வரவில்லை. பழக்கமே இல்லாத அந்த மிஷினில் இவரை நிற்க வைத்தார்கள். அது கையின் மேல் இறங்கியது. பதறி இழுத்ததில் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியும் போய்விட்டன. அவர் இடது கைக்காரர். கிட்டாரை மற்றவர்களுக்கு எதிர்ப்பக்கமாகப் பிடிப்பவர். ஆகவே தந்தியை அழுத்த வேண்டியதே அந்த வலது கைதான்.

வராத ஆளுக்குப் பதில் ஆள், தெரியாத மிஷின், வேறெங்கோ இருக்கிற மனசு. பிரஸ் ஷாப்பில் நின்ற யாரிடம் சொன்னாலும் மீதிக் கதையை அவரே சொல்லிவிடுவார். காலால் மிதிக்கிற பெடல் வைத்த பிரஸ்ஸில் கை இரண்டும் சும்மா இருக்கும். ஆபத்தே அதுதான். பீஸ் டையில் ஒட்டிக்கொண்டால் விரல் தன்னால் உள்ளே போகும், கால் பழக்க தோஷத்தில் மிதித்துவிடும். இதற்காகத்தான் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் மட்டும் இறங்குகிற சுவிட்ச் வந்தது. நான் இருந்த ஓர் இடத்தில், உற்பத்தி குறைகிறது என்று அதில் ஒரு பக்க சுவிட்சை டேப் சுற்றி அழுத்தியே வைத்திருந்தார்கள். அங்கே ஒரு ஹெல்பர் பையனுக்கு ஆள்காட்டி விரலில் ஒரு கணு போனது. துண்டை யாரோ டிபன் பாக்ஸில் எடுத்துக்கொண்டு ஆட்டோவில் ஏறினார்கள். டாக்டர் பார்த்துவிட்டு ஒட்டாது என்று சொல்லிவிட்டார். அதற்கப்புறம் அந்தப் பையன் ஸ்டோரில் உட்கார்ந்து நட்டு போல்ட்டு எண்ணிக் கொடுத்தான்.

நம் நாட்டு 1923-ஆம் வருஷத்து இழப்பீட்டுச் சட்டத்தில் ஓர் அட்டவணை இருந்தது. எந்த உறுப்பு எவ்வளவு போனால் சம்பாதிக்கும் சக்தியில் எத்தனை சதவீதம் போயிற்று என்று கணக்கு. நடுவிரலில் ஒரு கணு போனால் 7 சதவீதம். மோதிர விரலில் ஒரு கணு போனால் 5 சதவீதம். கூட்டினால் 12. யூனியன் வேலையாக அந்தப் பட்டியலைப் பல தடவை புரட்டியிருக்கிறேன். அயோமியின் விரல்களை அதில் வைத்துப் பார்த்தால் மீதி 88 சதவீதம் பத்திரமாகத்தான் இருக்கிறது! கிட்டாரை மறந்துவிடு என்று ஆஸ்பத்திரியில் அவரிடம் சொன்னார்கள். கிட்டார்காரனுக்கு அது நூற்றுக்கு நூறு.

வீட்டில் முடங்கிக் கிடந்தவரைப் பார்க்க ஃபோர்மேன் வந்தார். கையில் ஓர் இசைத்தட்டு. ஜாங்கோ ரைன்ஹார்ட் என்ற ஜாஸ் கிட்டார்காரர் வாசித்தது. அயோமிக்குக் கேட்கவே பிடிக்கவில்லை. வற்புறுத்திக் கேட்க வைத்தார். கேட்ட பிறகுதான் விஷயத்தைச் சொன்னார்: இவர் 1928-இல் தீவிபத்தில் கை வெந்து, இரண்டு விரலை மட்டும் வைத்து இப்படி வாசிக்கிறார் என்று. ஹெவி மெட்டல் வரலாறு எழுதுகிறவர்கள் மானேஜர்களின் பெயரையும் ரெக்கார்டு கம்பெனிகளின் பெயரையும் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் முதல் நன்றி இந்த ஃபோர்மேனுக்குத்தான். என் சர்வீஸில் விபத்துக்குப் பிறகு ஃபோர்மேன் வீடு தேடி வந்தால், அது பெரும்பாலும் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குவதற்காகத்தான் இருக்கும்.

அடுத்து அயோமி செய்ததை ஒரு டூல் மேக்கராக என்னால் ரசிக்காமல் இருக்க முடியாது. பாத்திரம் கழுவும் திரவம் வரும் பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கி உருண்டை பிடித்தார். சால்டரிங் அயர்னைச் சூடாக்கி அதில் துளை போட்டார், விரல் நுழைகிற அளவுக்கு. பிறகு விரல் நுனி வடிவம் வரும்வரை உட்கார்ந்து தேய்த்தார். பிளாஸ்டிக் தந்தியில் வழுக்கியது. பழைய தோல் ஜாக்கெட்டிலிருந்து துண்டு வெட்டி மேலே ஒட்டினார். தோல் தந்தியைப் பிடித்துக்கொண்டது. மாட்டிப் பார்ப்பது, கழற்றுவது, இன்னும் கொஞ்சம் தேய்ப்பது: பஞ்ச்சையும் டையையும் பொருத்தும்போது நாங்கள் செய்கிற அதே வேலை. ஒரே வித்தியாசம், எங்கள் பஞ்ச்சுக்கு வலிக்காது.

உறை போட்ட விரலுக்குத் தொடு உணர்ச்சி கிடையாது. தந்தி எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறோம் என்பதைக் காதால்தான் தெரிந்துகொள்ள வேண்டும். கனமான தந்தியை வளைக்கவும் முடியாது. அந்தக் காலத்தில் அங்கே கடையில் கிடைத்த கிட்டார் தந்திகள் பெரும்பாலும் கனம், மெல்லிய தந்தி செட் சுலபத்தில் கிடைக்காது. பாஞ்சோ தந்தி வாங்கி மெல்லிய பக்கத்தில் போட்டு, மற்றவற்றை ஒவ்வோர் இடமாகத் தள்ளிக் கட்டினார். கம்பெனிகளிடம் கேட்டால் இதை யார் வாங்குவார்கள் என்றார்கள். கடைசியில் வேல்ஸில் பிகாட்டோ என்ற கம்பெனி செய்து கொடுத்தது. இன்றைக்கு எந்த மியூசிக் கடையிலும் மெல்லிய செட் தொங்குகிறது. வாங்கிப் போகிற பையன்களுக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

இனி சத்தத்துக்கு வருகிறேன். ஆறு தந்தியிலும் விரல் பரப்பி முழு கார்டு, அதாவது பல ஸ்வரம் சேர்ந்த ஒலி, பிடிப்பது அந்தக் கைக்குச் சிரமம். சட்ஜமும் பஞ்சமமும் மட்டும் சேர்ந்த இரண்டு ஸ்வரக் கார்டு சுலபம். ஆம்ப்ளிஃபயரை முழுசாகத் திறந்து ஒலி கிழிகிற அளவுக்கு வைத்தால், முழு கார்டு கூழாகிவிடும். சட்ஜம்-பஞ்சமம் மட்டும் கல் மாதிரி நிற்கும். காந்தாரம் இல்லாததால் அது மகிழ்ச்சியா சோகமா என்றும் சொல்ல முடியாது. இந்தக் கார்டை அயோமிதான் கண்டுபிடித்தார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கு முன்னால் எத்தனையோ பேர் வாசித்திருக்கிறார்கள். ஆனால் அதையே வீடாக்கிக் குடியிருந்தவர் அவர். உங்கள் கட்டுரையில், தந்திகளைத் தளர்த்தி சுருதி இறக்கியதால்தான் இந்த முதல் ஆல்பத்துக்குக் கனம் வந்தது என்று ஒரு வரி இருக்கிறது. அது சரியில்லை. சுருதியை மூன்று அரைஸ்வரம் இறக்கியது 1971-இல் வந்த மூன்றாவது ஆல்பமான 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி'யில். முதல் ஆல்பம் சாதாரண சுருதியில்தான் இருக்கிறது. கிட்டாரை எடுத்துக் கூடவே வாசித்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

பதிவு நடந்தது 1969 அக்டோபரில், லண்டன் ரீஜென்ட் சவுண்ட் ஸ்டூடியோவில், ஒரே நாளில். தயாரிப்பாளர் ராஜர் பெய்ன், ஒலிப்பதிவு டாம் ஆலம். இதே ஆலம்தான் பிற்பாடு ஜூடாஸ் பிரீஸ்ட் என்ற மெட்டல் குழுவுக்கு 'பிரிட்டிஷ் ஸ்டீல்' தயாரித்தவர். மேடையில் வாசிக்கிற வரிசையை அப்படியே ஸ்டூடியோவில் நின்று வாசித்தார்கள். முதலில் பதிவு செய்த பாட்டு முடிந்ததும் அயோமியின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில், தந்தியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப் செத்துவிட்டது. சும்மா துணைக்கு எடுத்து வந்திருந்த கிப்ஸன் எஸ்.ஜி. கிட்டாரை எடுத்து மீதி எல்லாவற்றையும் முடித்தார். அன்றிலிருந்து இன்றுவரை அவர் அடையாளமே எஸ்.ஜி.தான். முடித்துவிட்டு ஐரோப்பாவில் கச்சேரிக்குக் கிளம்பிவிட்டார்கள். மழை, இடி, கோயில் மணி எல்லாம் அவர்கள் போன பிறகு சேர்த்தவை.

அந்த மழையும் மணியும் ஓய்ந்ததும் வருகிற மூன்று ஸ்வரத்தில்தான் உலகம் இரண்டாகப் பிரிந்தது என்று மெட்டல் ரசிகர்கள் சொல்வார்கள். கொஞ்சம் அதிகம்தான், ஆனால் ரொம்ப அதிகம் இல்லை. கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு இறங்கி வந்து பிரதிமத்திமத்தில் ஒரு நடுக்கம். அவ்வளவுதான். ஹோல்ஸ்ட் என்ற ஆங்கிலேயர் எழுதிய 'கிரகங்கள்' தொகுப்பில் செவ்வாய் பகுதியைக் குழுவின் பாஸ் கிட்டார்காரர் கீஸர் பட்லர் வாசித்துக்கொண்டிருந்தாராம். அதிலிருந்து அயோமிக்கு இது பிறந்தது. பில் வார்டின் டிரம்ஸை மட்டும் தனியாகக் காது கொடுத்துக் கேளுங்கள். அவர் ஜாஸ் டிரம்மர்களைக் கேட்டு வளர்ந்தவர், தாளத்தை நேர்க்கோட்டில் போடவே மாட்டார். கிட்டார் விட்ட இடைவெளியில் உருட்டி வந்து கடைசி நொடியில் சமத்தைப் பிடிப்பார். நான் சேர்ந்து வாசித்த டிரம்மர்கள் பலருக்கு அந்த வேகத்தில் பொறுமையாக இருக்க வராது. வேகமாக வாசிப்பதுதான் கஷ்டம் என்று நினைக்கிறார்கள். இவ்வளவு மெதுவாக வாசித்து ஆட்டம் குலையாமல் நிற்பது அதைவிடக் கஷ்டம்.

சட்ஜத்துக்கும் பிரதிமத்திமத்துக்கும் நடுவே உள்ள இந்த ஸ்வர இடைவெளியை மத்திய காலத்தில் தேவாலயம் தடை செய்திருந்தது என்று உங்கள் கட்டுரையாளர் அடித்துச் சொல்கிறார். ஊரெல்லாம் சொல்கிற கதைதான். ஆனால் அப்படி ஒரு தடை உத்தரவு இருந்ததற்கு ஆதாரம் இல்லை என்பதே இசை வரலாறு படித்தவர்களின் பேச்சு. பாடுவதற்குக் கரடுமுரடானது, தவிர்க்கவும் என்று பாடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள், பின்னால் அதற்கு 'இசையில் சாத்தான்' என்று பட்டப்பெயர் வந்தது. நம்மூரில் சட்ஜ சுருதிக்கு மேல் பிரதிமத்திமத்தை வைத்துக்கொண்டு கல்யாணியும் பந்துவராளியும் மார்கழி முழுக்கப் பாடுகிறோம். சபாவில் பிசாசு வந்ததாகத் தகவல் இல்லை. காண்டீனில் கூட்டம் வருவதோடு சரி.

சாத்தான் விஷயத்தையும் பேசித்தானே ஆக வேண்டும். அந்த முதல் பாட்டில் என்ன நடக்கிறது? ஒருவன் எதிரே கறுப்பாக ஓர் உருவம் நிற்பதைப் பார்க்கிறான், பயந்து ஓடுகிறான், கடவுளே காப்பாற்று என்று கத்துகிறான். சாத்தானைக் கும்பிடுகிறவன் எதற்கு ஓட வேண்டும்? பாட்டுகளில் பெரும்பாலானவற்றை எழுதிய கீஸர் பட்லர் ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்துப் பிள்ளை. மூன்றாவது ஆல்பத்தில் 'ஆஃப்டர் ஃபாரெவர்' என்று ஒரு பாட்டு இருக்கிறது, அதைப் பிரசங்கத்தில் வாசித்தால்கூட யாரும் ஆட்சேபிக்க மாட்டார்கள். குழுவின் பெயர் 1963-இல் வந்த ஒரு பேய்ப் படத்தின் பெயர். காசு கொடுத்து பயந்துவிட்டு வர ஜனங்கள் கியூவில் நிற்கிறார்களே, பயமுறுத்துகிற இசையை ஏன் வாசிக்கக் கூடாது என்று யோசித்தார்கள். யோசனையில் வியாபாரமும் இருந்தது, இல்லை என்று நான் மறைக்கவில்லை.

உள் அட்டையில் இருக்கும் தலைகீழ்ச் சிலுவை? அது ரெக்கார்டு கம்பெனி வைத்த வேலை. குழுவுக்கே பிறகுதான் தெரியும். அதைப் பார்த்து வேண்டாத கூட்டமெல்லாம் கச்சேரிக்குத் தேடி வர ஆரம்பித்தது. நால்வரும் கழுத்தில் நேர்ச் சிலுவை மாட்டிக்கொண்டார்கள். அந்தச் சிலுவைகளைச் செய்து கொடுத்தது யார் தெரியுமா? ஓஸியின் அப்பா. ஜி.இ.சி. தொழிற்சாலையில் டூல் மேக்கர். அலுமினியத்தில் அறுத்து, தேய்த்து, பிள்ளைக்கும் பிள்ளையின் சிநேகிதர்களுக்கும் ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். உங்கள் பக்கத்தில் இதற்கு இரண்டு வரி இடம் இருந்திருந்தால் எங்கள் டூல் ரூம் பழைய ஆட்கள் அத்தனை பேருக்கும் போன் போட்டுப் படிக்கச் சொல்லியிருப்பேன்.

'என்.ஐ.பி.' பாட்டின் தலைப்புக்கும் மதவிரோதமான விரிவாக்கம் ஒன்று கொடுத்திருக்கிறீர்கள். பில் வார்டின் தாடி பேனா நிப் மாதிரி கூராக இருந்தது. கிண்டலாக அவரை நிப் என்று கூப்பிட்டார்கள், நடுவில் புள்ளி வைத்ததும் ஏதோ ரகசியம் போல ஆகிவிட்டது. பாட்டில் சாத்தான் வருகிறான், வாஸ்தவம். ஒரு பெண்ணைக் காதலித்துத் திருந்துகிறான். எழுபதுகளின் தமிழ்ப்பட வில்லன்களுக்கு இந்த வாய்ப்புகூடக் கிடைத்ததில்லை.

ஆல்பம் முழுக்கத் தங்கம் என்று சொல்ல மாட்டேன். 'ஈவில் வுமன்' வேறொரு அமெரிக்கக் குழுவின் பாட்டு, வானொலியில் ஓடும் என்று இவர்கள் தலையில் கட்டியது. கேட்டாலே தெரியும், மனசில்லாமல் வாசித்திருக்கிறார்கள். அமெரிக்கப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு 'விக்கெட் வேர்ல்டு' போட்டார்கள், அதுவே பொருத்தம். கடைசியில் வரும் 'வார்னிங்' இன்னொருவர் பாட்டு. நடுவில் அயோமி தனியாக வாசித்துக்கொண்டே போகிறார், போகிறார், போய்க்கொண்டே இருக்கிறார். பாதி ஆல்பம் இன்னும் ப்ளூஸ்தான், ஹார்மோனிகாகூட உண்டு. முழு ஆல்பமாக எடுத்தால் அதே வருஷம் செப்டம்பரில் வந்த 'பேரனாய்டு' இதைவிட நல்லது என்பேன். அதற்காக முதலாவது சின்னதாகிவிடாது. சத்தமாக வாசித்தவர்கள் முன்பே இருந்தார்கள்: க்ரீம், ப்ளூ சியர், லெட் செப்ளின். அந்தச் சத்தத்தை வேகம் குறைத்து, இருட்டாக்கி, ஒரு பாட்டு முழுக்கத் தாங்கிப் பிடிக்கலாம் என்று காட்டியது ஆல்பத்தின் ஆறு நிமிஷ முதல் பாட்டு. டூம் மெட்டல் என்று ஒரு கிளையே அதிலிருந்து முளைத்தது.

விமர்சகர்கள் அப்போது கிழித்துத் தோரணம் கட்டினார்கள். 'ரோலிங் ஸ்டோன்' பத்திரிகையில் லெஸ்டர் பேங்ஸ், க்ரீமைப் போலத்தான், ஆனால் அதைவிட மோசம் என்றார். கேட்டவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. பிரிட்டனில் 8-ஆம் இடம், அமெரிக்காவில் 23-ஆம் இடம். 2006-இல் ராக் அண்டு ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் இவர்களை மேடையேற்றியவர்கள் மெட்டாலிக்காவின் ஹெட்ஃபீல்டும் உல்ரிச்சும்.

இந்தக் குழுவைப் புகழ்கிறவர்களிடமும் எனக்கு ஒரு சண்டை உண்டு. பர்மிங்ஹாம் தொழிற்சாலைகளின் இரைச்சல்தான் இந்த இசையாக மாறியது என்று எல்லோரும் எழுதுகிறார்கள், நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். கேட்க அழகாக இருக்கிறது. பிரஸ் ஷாப்பில் காலம் தள்ளியவனுக்கு அப்படித் தோன்றுவதில்லை. அந்த இரைச்சல் யாருக்கும் இசையாக மாறாது. காது மந்தமாகும், வீட்டில் டி.வி.யை உரக்க வைக்கச் சொல்லும், அவ்வளவுதான். அங்கே வேலை செய்த ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அதே சத்தம்தான் கேட்டது. தொழிற்சாலை இந்த ஆல்பத்துக்குள் வந்த வழி வேறு. நுனி போன இரண்டு விரல், அதற்குப் பொருந்துகிற உறையை வீட்டில் உட்கார்ந்து செய்கிற கைப்பழக்கம், சிலுவை அறுத்துக் கொடுத்த அப்பா. ஓஸி கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர், கார் ஹாரனுக்கு சுருதி சேர்க்கிற வேலையும் பார்த்திருக்கிறார். அங்கே திரும்பிப் போகக் கூடாது என்ற பிடிவாதம் அவர் குரலில் இருக்கிறது. அழகாகப் பாடத் தெரியாத குரல்தான். அந்தப் பாட்டின் பயத்துக்கு அழகான குரல் எதற்கு?

2025 ஜூலை 5-ஆம் தேதி, பர்மிங்ஹாமின் ஆஸ்டனிலேயே வில்லா பார்க் மைதானத்தில் நாலு பேரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்ததை என் மகள் போனில் காட்டினாள். நால்வரும் வளர்ந்த வட்டாரம் அது. ஓஸி சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார், எழுந்து நிற்க உடம்பு இடம் கொடுக்கவில்லை. நாலு பாட்டு. முதல் ஆல்பத்திலிருந்து 'என்.ஐ.பி.' மட்டும். மகள் ஓஸியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேமரா எப்போது அயோமியின் வலது கைக்குப் போகும் என்று காத்திருந்தேன். 77 வயதில் அந்த இரண்டு உறைகளும் இருந்த இடத்தில் இருந்தன. பதினேழு நாள் கழித்து ஓஸி போய்விட்டார்.

கடிதம் நீண்டுவிட்டது. இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள்ளுங்கள், விரல் இருக்கிற பகுதியை மட்டும் வெட்டாதீர்கள். ஏற்கெனவே ஒரு தடவை வெட்டுப்பட்டது. இன்னொரு திருத்தமும் பாக்கி. ஓஸி என்று பெயர் போட்டு நீங்கள் பெரிதாக வெளியிட்டிருக்கும் படத்தில், இரண்டு விரலைக் கொம்பாக நீட்டிக்கொண்டு நிற்பவர் ரானி ஜேம்ஸ் டியோ. ஓஸிக்குப் பிறகு அந்தக் குழுவுக்கு வந்து 1980-இல் 'ஹெவன் அண்டு ஹெல்' பாடியவர், 2010-இலேயே காலமாகிவிட்டார். படத்துக்குக் கீழே 'சாத்தான் முத்திரையுடன்' என்று வேறு போட்டிருக்கிறீர்கள். அந்த முத்திரையைத் தன் இத்தாலியப் பாட்டியிடம் கற்றதாக டியோ பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பாட்டி அதைக் காட்டியது கண் திருஷ்டி கழிக்க. அடுத்த ஞாயிறு திருத்தம் போடும்போது படத்தையும் மாற்றிவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற டூல் ரூம் தொழிலாளி,
அம்பத்தூர், சென்னை - 53